பாண்டிச்சேரி பி, பம்பாய் பி

வெள்ளிக்கிழமை மாலை மகளின் பள்ளிப் பையைத் திறந்தபோது, நோட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தின் 44 ஒலிகள். கட்டம் கட்டமாகப் படங்கள்: பாம்பு, பந்து, மீன், குடை. திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும். அவள் ஒன்றாம் வகுப்பு. நாங்கள் ஏ, பி, சி, டி என்று எழுத்தின் பெயரைச் சொல்லிப் படித்தவர்கள். இப்போது பெயருக்கு மதிப்பில்லை, ஒலிக்குத்தான் மதிப்பு. ஃபோனிக்ஸ் என்கிறார்கள். எங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடிக்கு மாடி அதற்கொரு பலகை தொங்குகிறது.

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தாளை வாங்கிக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "எழுத்து 26, ஒலி 44. கணக்கு உதைக்கிறதே?" என்றார். ஆங்கிலத்தின் மேல் அவருக்குப் பழைய பகை ஒன்று உண்டு. சொல்வது ஒன்று, எழுதுவது ஒன்று. நம்பத் தகாத மொழி என்பார். தமிழில் அப்படியா? உயிர் 12, மெய் 18, ஆக 30. எழுதியதைச் சொல்கிறோம், சொல்வதை எழுதுகிறோம். நாற்பது வருடம் வகுப்பில் முழங்கிய வாதம் இது.

அந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருப்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் ஓர் ஆங்கிலேயர். தொலைபேசியில், என் சம்பளத்தில் கை வைத்து.

படிப்பு முடிந்த புதிதில் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை. அயல்நாட்டு வாடிக்கையாளர்கள் அழைப்பார்கள், நாங்கள் இரவெல்லாம் விழித்திருந்து விடுதி அறைகளைப் பதிவு செய்து கொடுப்போம். ஒரு நாள் ஒருவருக்கு அவருடைய முன்பதிவு எண்ணைப் படித்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஓர் எழுத்து, பி. "பியா?" என்று கேட்டார். "இல்லை, பி" என்றேன். "அதைத்தானே நானும் சொன்னேன், பி" என்றார். "அந்த பி இல்லை, இந்த பி" என்றேன். இதை வாசிக்கிறவர்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது என்று தெரியும். தமிழில் எழுதினால் இந்தச் சண்டையே காணாமல் போய்விடுகிறது. பேனாவின் தொடக்கத்தில் வருவது ஒரு பி, பலூனின் தொடக்கத்தில் வருவது இன்னொரு பி. எங்கள் மேசையில் ஒட்டியிருந்த அட்டை, முதல் பிக்கு பாரிஸ் என்று சொல்லச் சொன்னது. அவசரத்தில் ஊர்ப் பாசம் முந்திக்கொண்டது. "பாண்டிச்சேரி பி" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவர், பம்பாய்க்கு வரும் பகரத்தைப் போட்டு, "பாண்டிச்சேரியா? அது எங்கே இருக்கிறது?" என்றார்.

பம்பாய் எழுத்தைக் குறித்துக்கொண்டு அவர் விடுதி வாசலில் போய் நின்றிருக்கிறார். அந்த எண்ணில் அறையே இல்லை. புகார் வந்தது. அந்த மாத ஊக்கத்தொகை போயிற்று. எனக்கு மூன்று நாள் உச்சரிப்புப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியாளர் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: வாயை நன்றாகத் திறந்து பேசு. திறந்தேன். அப்போதும் பி, பியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

பல வருடம் கழித்து, நானாகப் படித்துத்தான் எங்கே இடறினேன் என்று தெரிந்துகொண்டேன். அந்த 44 என்பது வாயில் எழும் ஒலிகளின் கணக்கு அல்ல. வாயில் எழும் ஒலிக்குக் கணக்கே கிடையாது. ஒரே ஆள் ஒரே சொல்லை இருமுறை சொன்னால் இரண்டும் அச்சு அசலாக இருப்பதில்லை. எதை மாற்றினால் பொருள் மாறுமோ அதை மட்டும் எண்ணுகிறார்கள். பல், கல், தலையெழுத்து மாறியதும் வாயில் இருந்தது தெருவுக்கு வந்துவிட்டது. எனவே பகரமும் ககரமும் தமிழில் தனித்தனி. மொழியியலில் இதை ஒலியன் என்பார்கள். இதற்கான பெயரை 1873-இல் முதலில் உருவாக்கியவர் ஒரு பிரெஞ்சுக்காரர், தூஃப்ரிஷ் தெழெனெத். அந்தப் பெயருக்குள் இன்றைய கருத்தை வைத்து வளர்த்தவர் ருஷ்யாவின் கசான் நகரில் பாடம் நடத்திய போலந்துக்காரர் போதுவேன் த கூர்த்தனே.

இப்போது தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு பம்பரம் என்று சொல்லிப் பாருங்கள். முதல் பகரத்தில் விரலுக்கு ஒன்றும் எட்டாது. இரண்டாவதில் நடுங்கும். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. கடல், தங்கம், பக்கம், பகல் என்று சொல்லிப் பாருங்கள்: ககரம் நான்கு இடத்தில் வருகிறது, குறைந்தது மூன்று விதமாக ஒலிக்கிறது. சொல்லின் முதலில் வந்தால் அதிராது, மெல்லெழுத்தை அடுத்து வந்தால் அதிரும், இரட்டித்தால் அதிராது, இரண்டு உயிருக்கு நடுவில் தனியாக வந்தால் நெகிழும். இதை யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. யாரும் தவறுவதும் இல்லை. கால்டுவெல் 1856-இல் எழுதிய ஒப்பிலக்கணத்திலேயே இந்த விதியைப் பிடித்துவைத்திருக்கிறார். இடமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுவதால் பொருள் அந்த அதிர்வை நம்பி இருப்பதில்லை. அதனால் தனி எழுத்தும் தேவைப்படவில்லை. பயம், குரு, பஸ் என்று முதலிலேயே அதிரும் இரவல் சொற்கள் பேச்சில் ஏராளம்; எழுத்து அவற்றைக் கண்டுகொள்வதில்லை.

ஆங்கிலத்தில் இடம் தீர்மானிக்காது. குண்டூசிக்கும் குப்பைத் தொட்டிக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள், தமிழில் எழுதினால் இரண்டுமே பின். ஊசிக்கு வருவது பாண்டிச்சேரிப் பகரம், தொட்டிக்கு வருவது பம்பாய்ப் பகரம். வேறு வித்தியாசம் இல்லை. அங்கே அது இரண்டு ஒலியன், இங்கே ஒன்றின் இரண்டு வேடம்.

சனிக்கிழமை காலை இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. "தொல்காப்பியர் 30 எழுத்து என்று சொல்லிவிட்டு, சார்ந்து வருவது மூன்று என்று தனியாகப் பிரித்துவைத்தார். எது தன் காலில் நிற்கிறது, எது இன்னொன்றைச் சார்ந்து நிற்கிறது என்று அவருக்குத் தெரியாதா?" என்றார். பேச்சு நம் பக்கம் திரும்பிவிட்டால் அப்பாவைத் தோற்கடிக்க முடியாது. ஆனால் தந்நகரத்தையும் றன்னகரத்தையும் கேட்டேன். அவர் மாணவர்கள் நாற்பது வருடமாக ஏன் அவற்றை மாற்றி மாற்றி எழுதினார்கள்? இன்றைய பேச்சில் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அங்கே எழுத்து இரண்டு, ஒலி ஒன்று. அப்பா செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

சரி, என் தொண்டையும் அந்த இரண்டு பியையும் வேறுபடுத்தித்தானே சொன்னது? பிறகு ஏன் அந்த மனிதருக்கு ஏறவில்லை? அங்கேதான் வேடிக்கை. சொல்லின் முதலில் வரும் பாண்டிச்சேரிப் பகரத்தை ஆங்கிலேயர் வெறுமனே சொல்வதில்லை. உதடு திறக்கும்போது ஒரு ஊது காற்றோடு வெடிக்கிறார்கள். அவர்களுடைய பம்பாய்ப் பகரமோ சொல்லின் முதலில் பல நேரம் தொண்டையில் அதிர்வதே இல்லை. எனவே அவர் காது அதிர்வைத் தேடவில்லை, காற்றைத் தேடியது. என் வாயிலிருந்து காற்று வரவில்லை. காற்றில்லாவிட்டால் அது பம்பாய். அவர் கேட்டதும் அவர் மொழிக்குச் சரி, நான் சொன்னதும் என் மொழிக்குச் சரி.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. தினசரி நாட்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்து உதட்டுக்கு முன் தொங்கவிட வேண்டும். கைப்பேசியில் ஆங்கில அகராதியைத் திறந்து ஊசிக்கான சொல்லைக் கேட்டுவிட்டு, அதே போல ஊதிச் சொன்னால் தாள் துள்ளும். நம் வழக்கப்படி சொன்னால் தாள் தூங்கும். இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அந்தச் சொல்லின் முன்னால் ஓர் ஸகரத்தைச் சேர்த்து ஸ்பின் என்று ஆங்கிலேயர் சொன்னால் தாள் துள்ளாது. ஸகரத்துக்குப் பின் அவர்களும் ஊதுவதில்லை. ஆனால் தாங்கள் ஓரிடத்தில் ஊதுகிறோம், ஓரிடத்தில் ஊதுவதில்லை என்பது அவர்களுக்கே தெரியாது. பம்பரத்தின் இரண்டு பகரம் நமக்குத் தெரியாதது போலத்தான். மகள் ஐந்தே முயற்சியில் தாளைத் துள்ளவைத்தாள். அப்பா, "எச்சில்தான் தெறிக்கிறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எனக்கு இப்போது வேலை புதுச்சேரியில், மிஷன் வீதிப் பக்கம் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில். கடலூரிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம். தினமும் பார்க்கும் பெயர்ப் பலகைகள்தான். ஒலியனைப் பற்றிப் படித்த பிறகு கன்னியக்கோயிலில் பிரியும் சாலைப் பலகையில் கண் நின்றுவிட்டது. தமிழில் பாகூர். கீழே ரோமன் எழுத்தில் முதலாவது பம்பாய் எழுத்து, நடுவில் ககரமே இல்லை, ஹகரம் இருக்கிறது. பாஹூர். எழுத்தில் எங்கேயோ பிழை என்று சிறு வயதில் நினைத்திருந்தேன். பிழை இல்லை. வெளியிலிருந்து வந்தவன் தன் காதில் விழுந்ததை எழுதினான். நாம் நம் மனதில் இருப்பதை எழுதினோம். கடலூருக்கு அவர்கள் போட்ட இரட்டை டகரமும் கெடிலம் ஆற்றுக்குப் போட்ட அதிரும் முதலெழுத்தும் இதே வகைதான். 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள ஊர்களெல்லாம் தங்களுக்கு என்று பேசி முடித்தவர்கள் ஆங்கிலேயர்கள். அந்த ஊர்களின் பெயர்களைக் கேட்டு எழுதியதும் அவர்கள் காதுதான். இன்று அலுவலகப் படிவங்களில் நம் ஊர்ப் பெயரை அந்தக் காதின் வழியாகத்தான் நிரப்புகிறோம்.

அலுவலகத்தில் ஒரு நாள் ஒரு பிரெஞ்சுப் பயணி உள்ளே எட்டிப் பார்த்தார். தமிழ் கற்றுக்கொள்கிறவர் போலும், வணக்கம் சுத்தமாக வந்தது. அடுத்து, "கடற்கரைக்கு வலி எங்கே?" என்றார். எங்கள் எழுத்தர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டுவிட்டார். நான் வெளியே வந்து வலி, வளி, வழி என்று மூன்றையும் நிறுத்திச் சொன்னேன். அவர் மூன்று முறையும் தலையசைத்து, "வலி, வலி, வலி" என்று திருப்பிச் சொன்னார். முகத்தில் துளி சந்தேகம் இல்லை. மூன்றும் ஒன்றுதானே, ஏன் இந்த அம்மா இவ்வளவு பாடுபடுகிறார் என்கிற பார்வை. அன்று தொலைபேசியில் நான் இருந்த நிலை அப்படியே எதிரில் நின்றது. அவருக்கு நாக்கு வளையாததல்ல காரணம். காது பிரிக்கவில்லை. பிரியாததை நாக்கு எப்படிச் செய்யும்?

காதுக்கு இந்தக் கதி எப்போது வருகிறது என்பதைக் கண்டவர்கள் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர். 1984-இல் வெளியான ஆய்வு. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் தகரத்தையும் டகரத்தையும் ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இரண்டையும் பிரித்து அறிந்தன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறமை பெரும்பாலும் போய்விட்டிருந்தது. பேசத் தொடங்கும் முன்பே வீட்டு மொழிக்குத் தேவையில்லாததைக் காது கழித்துக் கட்டிவிடுகிறது. நாம் தாத்தா, டமாரம் என்று கொஞ்சும் வீட்டில் பிறந்த குழந்தைக்கு அந்தச் சிக்கல் இல்லை. வேறெதையோ கழித்துக் கட்டுகிறது, அவ்வளவுதான்.

இந்தத் தகர டகர விஷயத்தில் நமக்கு ஒரு வசதி. ஆங்கிலத்தில் ஒல்லி என்பதற்கும் தகர டப்பாவுக்கும் உள்ள சொற்களைப் பலநாட்டார் குழப்புவார்கள். நாம் தின், டின் என்று பிரித்துவிடுவோம். அவர்கள் சொல்வது நம் தகரமும் அல்ல, நம் டகரமும் அல்ல. இருந்தாலும் பிரிவு பிரிவுதான். அவர்கள் டகரத்துக்கு நாக்கை நம்மைப் போல் மேலே வளைப்பதில்லை. பல்லையும் தொடுவதில்லை. பல்லுக்குப் பின்னால் ஈறு மேடாக இருக்கும் இடத்தில், நாம் னகரம் சொல்லும் இடத்தில் நுனியை ஒற்றி எடுக்கிறார்கள்.

அந்த இடத்தில் தமிழுக்கும் ஒரு வல்லெழுத்து இருந்தது. றகரம். நம் பக்கம் அது ரகரத்தோடு கலந்து கரைந்துவிட்டது. ஈழத்தில் இன்னும் இருக்கிறது. அப்பாவின் யாழ்ப்பாண நண்பர் ஒருவர் கனடாவிலிருந்து கடிதம் எழுதுவார். உறையின் மேல் ரொறன்ரோ என்று இருக்கும். உள்ளே ரீவி, ரெலிபோன். நான் பள்ளியில் படித்த காலத்தில் அந்தக் கடிதங்களைப் படித்துச் சிரித்திருக்கிறேன். ரீ குடித்தோம் என்றால் சிரிப்பு வராதா? இப்போது யோசித்தால் அவர் காது என் காதை விடக் கூர்மையாக இருந்திருக்கிறது. ஆங்கிலேயர் நாக்கை எங்கே வைக்கிறார்கள் என்று கவனித்து, அந்த இடத்துக்கு அருகிலுள்ள எழுத்தை எடுத்துப் போட்டிருக்கிறார். டொக்டர், கோப்பி என்று அவர் ஒகரம் போட்ட இடத்திலெல்லாம் நாங்கள் ஆகாரம் போட்டோம். பந்துக்கான ஆங்கிலச் சொல்லை என் மகள் தமிழில் பால் என்று எழுதுகிறாள். பால் குடித்தேன், பால் விளையாடினேன். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சங்கடம் வராது.

ஞாயிற்றுக்கிழமை மகள் சத்தமாக ஒப்பிக்க உட்கார்ந்தாள். "கு, ஏ, டு. கேட்டு." பூனை. அப்பா உள்ளே இருந்து பாய்ந்து வந்தார். கோபமாக வருகிறார் என்று நினைத்தேன், முகமெல்லாம் மகிழ்ச்சி. "குற்றியலுகரம்!" என்றார். தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. முடியப் பார்த்தால் அடியில் ஒரு குறுகிய உகரம் வந்து தாங்கிக்கொள்ளும். மெய்க்கும் அரை மாத்திரை, குற்றியலுகரத்துக்கும் அரை மாத்திரை. தாங்குவதற்கு அதிகம் செலவில்லை. கப்பு, பஸ்ஸு, கேட்டு எல்லாம் அந்த விதியின் பிள்ளைகள். ஃபோனிக்ஸ் ஆசிரியை வகுப்பில் நடத்துவது தன்னையறியாமல் தொல்காப்பியம் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார்.

கப்பு என்று ஏன் இரட்டிக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும். ஒற்றைப் பகரம் போட்டால் நடுவில் வந்து அதிர்ந்துவிடும். கிண்ணம் சிங்கக்குட்டி ஆகிவிடும். அதிராமல் காப்பாற்ற ஒரே வழி இரட்டிப்பு. முதுகுக்குப் பேக்கு, பைக்குப் பேகு என்று பேச்சில் கச்சிதமாகப் பிரிக்கிறோம். ஆங்கிலேயன் அதிர்வில் வைத்த வித்தியாசத்தை நாம் நீளத்தில் வைத்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்த விருந்தாளியை நம் பாயில் உட்காரவைத்த மாதிரி.

மற்றவற்றைச் சீக்கிரம் கடந்துவிடலாம். வகரம் அவர்களுக்கு இரண்டு: ஒன்றில் மேல்பல் கீழுதட்டில் உரசும், இன்னொன்றில் உதடு குவியும். நமக்கு இரண்டுக்கும் நடுவில் ஒன்று. மிருகக்காட்சி சாலையை ஜூ ஆக்கிவிட்டோம். மின்விசிறிக்கு ஆய்தம் போடாவிட்டால் தலைக்கு மேல் பேன் சுற்றும். ஆய்தத்தைச் சொல்லின் முதலில் போடுவது அப்பாவுக்குப் பிடிக்காது. அஃது, எஃகு என்று குறிலுக்கும் வல்லினத்துக்கும் நடுவில் மரியாதையாக இருந்த எழுத்தைக் கூரையில் தொங்கவிட்டு விட்டார்கள் என்பார். இருந்தாலும் பேனுக்கு இது மேல் என்று ஒப்புக்கொண்டார்.

கட்டங்களில் ஒன்று ஙகரம். பாடகர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஙகரத்தோடு ஒலி நின்றுவிட வேண்டும், பின்னால் ககரம் வரக் கூடாது. விரல் என்பதற்கான சொல்லில் வர வேண்டும். நமக்கு ஙகரம் வந்தால் பின்னாலேயே ககரம் வரும், மாட்டின் பின் கன்று போல. இங்ஙனம், அங்ஙனம் தவிர அது தனியாக எங்கே வருகிறது? ஆத்திசூடியில் ஙப்போல் வளை என்று படித்ததோடு சரி. நான் மகளுக்கு சிங்ஙர் என்று சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தேன். மூலையில் அம்மா தன் சிங்கர் தையல் இயந்திரத்தில் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். காலை நிறுத்தவே இல்லை. "நாற்பது வருடமாகச் சிங்கர் என்றுதான் சொல்கிறேன். தைக்க மாட்டேன் என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கிறதா?" என்றார். பிறகு படித்துப் பார்த்தால் அம்மாவுக்கும் ஆதரவு இருக்கிறது. இங்கிலாந்திலேயே லிவர்பூல், மான்செஸ்டர், பர்மிங்ஹாம் பக்கத்தில் அந்தக் ககரத்தை ஒலித்துத்தான் சொல்கிறார்கள். சொன்னேன். "ஆயா சொன்னால் சரிதான்" என்று மகளும் கட்சி மாறினாள்.

இதில் நுழைந்த பிறகுதான் அந்த 44-இன் நாணயத்தைப் பார்த்தேன். 24 மெய், 20 உயிர். உயிரில் தனி உயிர் 12, நம் ஐ, ஔ போல வழுக்கிப் போகும் இரட்டை உயிர் 8. ஆனால் இது தென் இங்கிலாந்தில் படித்தவர்கள் பேச்சுக்கு எடுத்த கணக்கு. அமெரிக்காவில் ரகரத்தை முழுதாக ஒலிப்பதால் அந்த எட்டில் சில கரைந்துவிடும். ஸ்காட்லாந்தில் கணக்கு வேறு. ஒரு தெருவில் எடுத்த மக்கள்தொகையை ஊர் முழுவதற்கும் எழுதி நோட்டில் ஒட்டியிருக்கிறார்கள். அப்பாவுக்கு அன்று இரவு நல்ல தூக்கம் வந்திருக்கும்.

எனக்குப் பிடித்த கட்டம் கடைசி வரிசையில் இருந்தது. ஆங்கிலத்தின் மெய்களில் மிக அரிதாக வருவது. அளவு, பார்வை, மகிழ்ச்சி என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் நடுவில் மறைந்திருக்கும். பிரெஞ்சுச் சொற்களோடு பெரும்பாலும் உள்ளே வந்த ஒலி. ஷகரத்தை அதிரவைத்தால் வரும். நாம் மெஷர், பிளெஷர் என்று முடித்துவிடுகிறோம். ஆனால் புதுச்சேரியில் இதற்கு எழுத்து உண்டு. பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு மொழிபெயர்ப்பவர்கள் ஜகரம் போடாமல் ழகரம் போடுவார்கள்: ழாக், ழான். துய்மா வீதியில் தேவமாதா கோயிலுக்கு எதிரே தோட்டத்தில் நிற்கும் வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க், அவர்களுக்கு ழான் தார்க். ழகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்று அப்பா சொல்கிறார். ஒலியும் ஒன்றல்ல. ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் காதால் துழாவி எடுத்த எழுத்து அது. சிறு வயதில் பெரிய மார்க்கெட்டின் பெயரில் இருக்கும் குபேர் என்பது செல்வத்துக்கு அதிபதியான குபேரன்தான் என்று நம்பியிருந்தேன். எதுவார் குபேர் என்ற அரசியல் தலைவர் என்றும், அவர் பெயரின் பிரெஞ்சு எழுத்தில் கடைசியில் ஒரு டகரம் இருந்தும் அது வாயே திறக்காது என்றும் பிறகுதான் தெரிந்தது. எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று என்பதில் ஆங்கிலத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஒலிக்கொரு குறி என்று உலகுக்குப் பொதுவாக அமைத்துக் கொடுத்த சங்கத்தை 1886-இல் பாரிஸில்தான் மொழியாசிரியர்கள் கூட்டினார்கள். பால் பாசி என்ற பிரெஞ்சுக்காரர் தலைமையில்.

அந்தக் குறிகளில் ஒன்று, ஆங்கில ஈ எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தது. ஷ்வா என்று பெயர். வாழைப்பழத்தின் ஆங்கிலப் பெயரில் ஒரே உயிரெழுத்து மூன்று முறை வருகிறது. பனானா என்று நாம் எல்லாவற்றுக்கும் சம மரியாதை கொடுக்கிறோம். அவர்கள் நடு அசையை மட்டும் அழுத்திவிட்டு, முதலையும் கடைசியையும் பாதி விழுங்கிவிடுவார்கள். அந்த விழுங்கிய உயிர்தான் ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிர். அதற்கென்று 26-இல் ஒரு எழுத்தும் கிடையாது. அப்பா இதைக் கேட்டதும் நிமிர்ந்தார். "அதிகம் உழைப்பவனுக்கு ரேஷன் கார்டே இல்லையா?" என்றார். ஆங்கிலத்தின் மேல் அவர் இரக்கப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரவு சாப்பாடு முடிந்து பார்க்கிறேன், அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து நாட்காட்டித் தாளை உதட்டுக்கு முன் பிடித்துக்கொண்டிருக்கிறார். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பு. "பின்" என்கிறார். தாள் நடுங்குகிறது. மீண்டும் "பின்." துள்ளுகிறது. எனக்கே ஆச்சரியம். அம்மாவைக் கூப்பிடலாமா என்று நான் திரும்புவதற்குள் மகள் அறைக்குள் வந்துவிட்டாள். தாளைப் பார்த்தாள், மேலே பார்த்தாள்.

"தாத்தா, அது ஃபேன் காற்று" என்று சொல்லிவிட்டு, எக்கி சுவிட்சை அணைத்தாள். "இப்போது சொல்லுங்கள்."